ரகுநந்தன் உடைக்காத டம்ளர்

அடி மந்தாகினிக்குத்தான் விழுந்தது. முகத்தைச் சட்டென்று இடது பக்கம் திருப்பிக்கொண்டவள் குமுதவல்லி. எழுபத்தைந்தைத் தாண்டிய கழுத்து, யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட உடனே திரும்பாத கழுத்து, இதற்கு மட்டும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மறக்காமல் வைத்திருக்கிறது. திரையில் அந்தப் பெண் சுவரில் மோதிச் சரிந்தாள். ரகுநந்தன் விடுகிற மாதிரி இல்லை. முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான், புறங்கையால் இன்னொன்று வைத்தான், அவள் இரும்பு பீரோவின் கைப்பிடியில் போய் விழுந்து உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. டம்ளர் எங்கே? குமுதவல்லி கண்ணை இடுக்கிக்கொண்டு திரை முழுக்கத் தேடினாள். மேஜைமேல் லேப்டாப் இருந்தது, கார் சாவி இருந்தது, தண்ணீர் பாட்டில்கூட இருந்தது, அதுவும் பிளாஸ்டிக். கண்ணாடி டம்ளரைக் காணோம். எடுத்து வைக்க மறந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் அசட்டுத்தனமாக நினைத்தாள், பந்தியில் உப்பு வைக்க மறக்கிற மாதிரி. பக்கத்து நாற்காலியில் இருந்த பரிதி, அவளுடைய ஒரே பிள்ளை, அறுபதை நெருங்கும் ஆடிட்டர், முதல் அடியிலேயே எழுந்துவிட்டான். “போன் வருதும்மா” என்று சொல்லிக் குனிந்தபடியே வெளியே போனான். கையிலிருந்த போனில் வெளிச்சமே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவின் கதையில் கை வைத்துவிட்டார்களே என்ற கோபம். அது அவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ப்ரிவ்யூ தியேட்டர் அது. ஏசிக் குளிர் முழங்கால் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. படம் இன்னும் சென்சாருக்குப் போகவில்லை; போவதற்கு முன்னால் எழுத்தாளர் சுகந்தனின் மனைவி என்ற முறையில் குமுதவல்லி பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று பேச்சு. சுகந்தன் என்பது புனைபெயர். வீட்டில் வேதமூர்த்தி. போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. அவர் எழுதிய ‘தாழம்பூ வாசல்’ வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது, வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கதையில் இந்த இடம் தெரியாதவர்கள் கிடையாது. ஆற்றங்கரை ஊர், விடாத மழை, பள்ளிக்கூட வாத்தியார் ரகுநந்தன், சந்தேகம் தலைக்கேறி மந்தாகினியை அடிக்கக் கை ஓங்குகிறான். ஓங்கிய கை அவள்மேல் இறங்காமல் மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பற்றிக்கொள்கிறது. பற்றி நெரிக்கிறது. டம்ளர் அவன் உள்ளங்கைக்குள்ளேயே நொறுங்கிப் போகிறது. அவள் ஓடி வந்து முந்தானையைக் கிழித்துக் கட்டுகிறாள். ‘காயம் என் கையில், வலி மட்டும் உன் கண்ணில் ஏன், மந்தாகினி?’ என்று அவன் கேட்கிறான். அந்த ஒரு வரியைக் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்தார்கள் ஜனங்கள். படத்தில் ஆறும் இல்லை, மழையும் இல்லை. வாத்தியார் உத்தியோகம் போய் ரகுநந்தனுக்குக் கோயம்புத்தூரில் கட்டட கான்ட்ராக்ட் வந்துவிட்டது. கதை நெடுகிலும் ஒரு வாய் சோறு சாப்பிடாத மந்தாகினி, படத்தில் கையேந்தி பவனில் நின்றுகொண்டு முட்டை தோசை சாப்பிட்டாள், பைக்கில் இடித்துவிட்டுப் போனவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அதுவரைக்கும் குமுதவல்லிக்குப் படம் பிடித்துத்தான் இருந்தது. பெண் நன்றாகச் சாப்பிட்டாள்.

திரையில் ரத்தத்தை அவசரமில்லாமல் காட்டிக்கொண்டிருந்தார்கள். குமுதவல்லியின் வலது மணிக்கட்டு தானாகவே முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்த டம்ளர் எது என்று அவளுக்குத்தானே தெரியும். இந்த மணிக்கட்டுதான் அந்த டம்ளர். தயிர் புளித்திருந்ததா, எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாளா, என்ன காரணம் என்று இப்போது ஞாபகமில்லை. காரணம் எப்போதுமே ரொம்பச் சின்னது, ஞாபகம் வைத்துக்கொள்ள லாயக்கில்லாதது. வேதமூர்த்தி அவள் கையைப் பின்னால் முறுக்கிக் கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு தரம் சரியாக மூடவில்லை. திறந்து, மறுபடியும் சாத்தினார். முறிந்தது அவளுக்குக் கையில் தெரியவில்லை, பல்லில் தெரிந்தது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து அறையில் பரிதி படுத்திருந்தான், ஏழு வயசு. பிள்ளை படுத்த பிறகுதான் அவர் கையை நீட்டுவார், முதலில் ரேடியோவில் பாட்டைத் திருகி வைத்துவிட்டு. அதைக்கூட ஒரு நல்ல குணம் என்று அவள் நினைத்திருந்த காலம் உண்டு. மறுநாள் விடிந்ததும் புத்தூருக்கு பஸ். எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி வேண்டாம், புத்தூர் கட்டுதான் என்று மெட்ராஸே நம்பிய காலம். ஜன்னலோரம் உட்கார வைத்தார். பள்ளம் மேட்டில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அடிபட்ட கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கோலி சோடா வாங்கிக் கொடுத்து அவள் குடிக்கும் வரை காத்திருந்தார். “இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா” என்றாள் முன் சீட்டுக்காரி. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது, வலியில் கண் இருட்டிக்கொண்டு வரும்போதே. கட்டுப் போடுகிறவர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். இவர் சொன்னார் பாருங்கள்: குளியலறை, ஈரத் தரை, கைதவறிய சோப்பு, அவள் அண்டாவின் விளிம்பைப் பிடிக்கப் போனது, அண்டா உருண்டது. அவர் சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தச் சோப்பு கண்ணில் தெரிந்தது, பச்சை நிறத்தில். தான் வழுக்கித்தான் விழுந்தோமோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த இதழில் டம்ளர் வந்தது. அட்டையிலேயே படம் போட்டிருந்தார்கள், விரலிடுக்கில் சிவப்பு மை சொட்டச் சொட்ட. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அடி வாங்கியதையெல்லாம் யாரிடமாவது சொல்லிவிடலாம், வெட்கத்தை விட்டால் முடியும். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தாள். நேரில் கேட்க வாய் வரவில்லை மனுஷருக்கு, கூச்சம், அதனால் பத்திரிகையில் கேட்கிறார், தமிழ்நாடே சாட்சியாக. அடுப்படிக்குப் போய் ஒற்றைக் கையால் பால் பாயசம் வைத்தாள். அவர் ஒன்றும் பேசாமல் குடித்தார். அடுத்த வாரம் கதையில் மந்தாகினி பாயசம் வைத்தாள். ஐயோ, அவர் கவனிக்கிறார், பதில் கிடைத்துவிட்டது என்று இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து அப்படியே நடந்தது அந்தக் குடித்தனம். ஒரு தடவை இடுப்பில் உதைத்ததற்கு அவள் பூ வைத்துக்கொள்வதை நிறுத்தினாள். வந்த இதழில் மந்தாகினியும் பூ வைத்துக்கொள்ளவில்லை, ரகுநந்தன் கொட்டும் மழையில் ஆற்றைக் கடந்து தாழம்பூ கொண்டுவந்தான். வீட்டுக்குப் பூ எதுவும் வரவில்லை. வரும் என்று இருந்தாள். அச்சில் வந்த பூவை மோந்துகொண்டே வருஷத்தை ஓட்டினாள். புருஷன் வாயால் பேச வேண்டியதையெல்லாம் தொடர்கதையில் படித்துவிட்டு, பேசியாகிவிட்டது என்று நிம்மதியாகப் பாத்திரம் தேய்க்கப் போகிற முட்டாள்தனத்தை வேறு எந்தப் பெண்டாட்டி பண்ணியிருப்பாள்? தொடர்கதை எழுதுகிறவனைக் கட்டிக்கொண்டவளுக்குத்தான் அந்தத் தப்பு வாய்க்கும்.

எப்போது தெரிந்தது? தெரிந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதை நினைக்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை வருஷமாகப் பாடுபட்டாள், இந்த இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அதுவே வந்து எதிரில் நிற்கிறது. கதை பிரமாதமாகப் போகிறது, இன்னும் கொஞ்ச வாரம் இழுங்கள் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். இழுப்பதற்குச் சரக்கு இல்லை. காலையிலிருந்து அறைக்குள் நாற்காலியைத் தள்ளுவதும் காகிதத்தைக் கிழிப்பதுமாக இருந்தார். பகல் நேரம், பரிதி பள்ளிக்கூடத்தில். அவள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தயிர் புளிக்கவில்லை, எதிர்வீட்டில் ஆளே இல்லை, அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. அவர் வாசற்படிக்கு வந்து நின்றார். பேனா மூடி பல்லிடுக்கில் இருந்தது. அவளைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. சந்தையில் பூசணிக்காயை எங்கே வெட்டலாம் என்று பார்க்கிறவனுடைய பார்வை. பேனா மூடியைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முறத்தைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் அடித்தார், விழுந்தவளை வயிற்றில் மிதித்தார், அரிசியெல்லாம் முற்றத்தில் இறைந்தது. பிறகு உள்ளே போய் ஒரே மூச்சில் எழுதினார். அந்த வாரம் மந்தாகினிக்குக் காய்ச்சல், ரகுநந்தன் கண்விழித்து நெற்றியில் பற்றுப் போட்டான், ஊரே அழுதது. எழுதி முடித்த களைப்பில் அவர் பாயில் மல்லாந்து தூங்கினார். அவள் அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் தலைமாட்டில் நின்றாள். கட்டுப் பிரித்த கைக்குக் குழவி கனக்கவில்லை. நெற்றிப்பொட்டு, சரியாக அந்த இடம், மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. எப்படிப் பிளக்கும் என்பது வரை பார்த்துவிட்டாள். பிளந்தால் பாய் வீணாகும், பரிதி வந்து கேட்பான், என்ன சொல்வது என்பது வரை போய்விட்டாள். அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி. பத்திரிகை ஆபீஸ் ஏகாம்பரம், அத்தியாயம் வாங்கிப் போக வந்திருந்தார். குழவியைக் கீழே வைத்துவிட்டு, காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனாள். “என்னம்மா மூஞ்செல்லாம் வீங்கிருக்குது?” என்றார் ஏகாம்பரம். “தேனீ” என்றாள். “பாத்து இருங்கம்மா. சரி, சொல்லுங்க, இந்த வாரமாவது ரெண்டு பேரும் சேந்துடறாங்களா?” என்று ஆசையாகக் கேட்டார். சேர்ந்துவிடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

இப்போது திரையில் ரகுநந்தன் மூச்சு வாங்க நின்றான். சுவரில் கோணலாகத் தொங்கிய படத்தைப் பார்த்தான். கிட்டே போய் ஒரு விரலால் அதை நேராக்கினான். குமுதவல்லி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பையனுக்கு யார் சொன்னது? அவரும் அப்படித்தான், அடித்து முடித்ததும் கலைந்த படுக்கை விரிப்பை நீவி விடுவார், கவிழ்ந்த செம்பை நிமிர்த்தி வைப்பார், அவளை மட்டும் அப்படியே விட்டுவிட்டு. டைரக்டர் ஜெரால்டுக்கு முப்பது வயசுகூட இருக்காது, காதில் கடுக்கன், வாசலில் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் ஏதோ இன்டர்வலுக்காகக் கன்னாபின்னாவென்று எடுத்து வைத்திருக்கிறான், அது நேராக அவள் முற்றத்தில் வந்து விழுந்துவிட்டது. புத்தகத்திலிருந்து விலக விலக வீட்டுக்குக் கிட்டே வந்துவிட்டான் பாவி. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. என் டம்ளரை எங்கேடா போட்டாய் என்று அந்தப் பிள்ளையின் கடுக்கனைப் பிடித்துத் திருக வேண்டும்போல இருந்தது. வேறு என்ன இருந்தது அவளுக்கு? அவர் ஒரு தடவையாவது மன்னித்துக்கொள் என்று சொன்னாரா? சாகும்போது சொன்னாரா? தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். அந்த டம்ளர் ஒன்றுதான் அவர் கேட்ட மன்னிப்பு, அது பொய்யென்று தெரிந்த பிறகும் அதை வைத்துக்கொண்டுதான் அவருக்கு மலம் மூத்திரம் எடுத்தாள், நினைவு நாளுக்கு மாலை போட்டாள், மேடையில் உட்கார்ந்து சிரித்தாள். அதை எடுத்துவிட்டால் வெறும் அடிதான் மிச்சம். வெறும் அடியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி மீதி நாளை எப்படி ஓட்டுவாள்? இல்லை, அதுவும் இல்லை. ஹாலில் மாட்டியிருக்கிற அவர் போட்டோவை இப்போதே போய் இறக்கி, கண்ணாடியை முழங்காலில் வைத்து உடைத்து, அந்தச் சில்லாலேயே அந்தச் சிரிப்பை வழித்து எடுக்க வேண்டும். நினைத்ததும் கை வலித்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பரிதி இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்தாள். அந்தப் போட்டோவைத் தினமும் துடைக்கிறவன் அவன். அப்பா பெயரில் அறக்கட்டளை வைத்து நடத்துகிறவன். பள்ளிக்கூடத்தில் ‘சுகந்தன் பிள்ளையா நீ!’ என்று வாத்தியார் எழுந்து நின்றதாக ஓடி வந்து சொன்னவன். அவனுக்கு ஒரு தகப்பன் வேண்டும் என்றுதான் அவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அன்றைக்குத் திணித்ததை இன்றுவரை எடுக்கவில்லை. எடுத்தால் அறுபது வயசில் பிள்ளை அநாதையாகிவிடுவான் என்று பயம், நிஜமான பயம்.

இடைவேளை என்று எழுத்து வந்து விளக்கு போட்டார்கள். பையன்கள் காபியும் பப்ஸும் கொண்டுவந்து நீட்டினார்கள். கப்பை வாங்கின கையோடு முதலில் எழுந்தவள் மீனலோசனி. ‘தாழம்பூ வாசல்’ வாசகியர் வட்டத்துக்குத் தலைவி, வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள், குமுதவல்லியைக் கண்டால் கோயில் விக்கிரகத்தைக் கண்ட மாதிரி உருகுகிறவள். இன்றைக்கு உருகவில்லை, கொதித்தாள்.

“என்ன மிஸ்டர் ஜெரால்ட் இது? டம்ளர் எங்கே? ரகுநந்தன் ஒரு பொம்பளைய அடிப்பானா? அந்தப் பேரை என் பையனுக்கு வெச்சிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?”

“மேடம், டம்ளரும் ஷூட் பண்ணினோம்” என்றான் ஜெரால்ட். “உடைச்சுட்டு அந்த டயலாக்கைச் சொன்னான், மானிட்டர் பாத்துட்டு இருந்த எங்க பசங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. இப்ப யாரும் நம்ப மாட்டாங்க மேடம். அடிக்கறவன் அடிப்பான், டம்ளரைப் புடிச்சுட்டு நிக்க மாட்டான்.”

சிரித்தார்களாமே. என் கையைப் பார்த்துச் சிரித்தார்களா என்று குமுதவல்லிக்குச் சுருக்கென்றது. அடுத்த கணம், சிரிக்க வேண்டியதுதானே, நான்தானே சிரிக்காமல் விட்டுவிட்டேன் என்று தோன்றியது. காபியைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

பரிதி வந்துவிட்டான். முகம் கழுவியிருந்தான் போலிருக்கிறது, காதோரம் நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் ஜெரால்டின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அந்த சீனை எடுத்துடுங்க.”

“சார், டம்ளர் வெர்ஷனை வேணா...”

“டம்ளரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அடிக்கறது இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அம்மா, நீ சொல்லிடு. உன் வார்த்தைதான் கணக்கு.”

“சொல்லுங்கம்மா” என்றாள் மீனலோசனி. “ஐயா ஆத்மா எப்படித் துடிக்கும்!”

ஜெரால்ட் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. “நீங்க சொன்னா எடுத்துடறேம்மா. ஆனா அது போனா படமே போச்சு. அந்த அடிக்கு அப்புறம்தான் அவ வீட்டை விட்டுப் போறா. செகண்ட் ஹாஃப் முழுக்க அதுதான்.”

குமுதவல்லி குனிந்து அவனைப் பார்த்தாள். கதையில் மந்தாகினி எங்கேயும் போகவில்லை. முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டு அங்கேயேதான் இருந்தாள், கடைசி அத்தியாயம் வரைக்கும், அதற்குப் பிறகும்.

“போறாளா?” என்றாள். “எங்கே?”

“திருப்பூர். பனியன் கம்பெனில வேலைக்குச் சேர்றா.”

“திரும்பி வந்துடறாளா?”

“இல்லைம்மா.”

“அவன் வந்து கூப்பிடறானா?”

“வர்றான். அழறான். அவ போக மாட்டேங்கறா.”

கை முழுக்கக் காபி சிந்தியிருந்தது, சூடு இப்போதுதான் உறைத்தது. முட்டை தோசை சாப்பிட்ட அந்தப் பெண் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இப்போது யார் தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள், ஏதோ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உதட்டில் ரத்தம் காய்ந்தபடி பஸ் ஏறுகிறாள். அடியை எடுத்துவிட்டால் அவள் எதற்கு ஏறுவாள்? அடியில்லாவிட்டால் அவள் அந்த வீட்டிலேயே இருப்பாள், மறுபடி அவன் கைக்குக் கட்டுப் போடுவாள், பாயசம் வைப்பாள், பூ வரும் பூ வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நாற்பது வருஷம் இருப்பாள். ஐயோ வேண்டாம், ஏறட்டும், பஸ் கிளம்பட்டும். ஆனால் பரிதி? எதிரில் நின்றுகொண்டு மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கிறான், துடைத்த இடத்தையே துடைக்கிறான், வழுக்கை விழுந்த பிறகும் ஏழு வயசில் பார்த்த அதே உச்சந்தலைச் சுழி. அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்றினால் இவனுடைய அப்பாவைக் கொல்ல வேண்டும். அன்றைக்குக் குழவியைக் கீழே வைத்தது இவனுக்காகத்தான். இன்றைக்குத் தூக்கினால் இவன் தலைமேல்தானே விழும்? சொல்லாதே, சொல்லாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வாய் திறந்துவிட்டது.

“அந்த சீன் இருக்கட்டும்.”

“அம்மா!” என்றாள் மீனலோசனி. “ஐயா எழுதினதை இவரு மாத்திட்டாரும்மா!”

“இவர் மாத்தலை மீனா. மாத்தி எழுதினது அவருதான்.”

பப்ஸ் தட்டு வைத்திருந்த பையன்கூட நகராமல் நின்றான். பரிதியின் கை கண்ணாடிமேல் நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் குமுதவல்லி ஜெரால்டையே பார்த்துக்கொண்டு, ஏதோ புடவைக் கரை சரியில்லை என்று சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“ஒண்ணு மட்டும் தப்பா இருக்கு தம்பி. அடி விழறப்ப இவ்வளவு சத்தம் வராது. நீங்க வெடி போட்ட மாதிரி வெச்சிருக்கீங்க.”

“மிக்ஸிங் இன்னும் முடியலம்மா” என்றான் ஜெரால்ட். “குறைச்சுடறேன்.”

“குறைச்சுடுங்க. ரேடியோ பாடிட்டு இருக்கும். அவளும் வாயைத் தொறக்க மாட்டா. பக்கத்து ரூம்ல பையன் படுத்துட்டு இருப்பான். அவனுக்குக்கூடக் கேக்காது.”

மந்தாகினிக்குக் கதையிலும் பிள்ளை கிடையாது, படத்திலும் கிடையாது. மீனலோசனி காபிக் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பரிதியைப் பார்த்தாள். பரிதி கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. அம்மா இருந்த பக்கம் வெறும் கண்ணால் பார்த்தான்.

“கேக்கும்மா” என்றான்.